முடிச்சவிக்கி

வாழைக்குக் கயிறு கட்டுகிற வேலையில் பாதி அடுப்படியிலேயே நடந்துவிடுகிறது. மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றைத் தேவையான நீளத்துக்கு வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய முனையை அப்படியே விட்டால் இழை இழையாகப் பிரிந்து துடைப்பம் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அதில் முடிச்சு நிற்காது. ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையையும் நெருப்பில் காட்டி, உருகியதும் ஈரத்துணியால் ஓர் உருட்டு உருட்டினால் மிளகு மாதிரிக் கறுப்பாக இறுகிக்கொள்ளும். சின்னவள் இதைச் சோறு வேகிற அடுப்பிலேயே செய்தாள். வீடு முழுக்க பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அவள் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

“குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னே தெரியல. கயிறு வாசந்தான் தெரியுது,” என்றார் அங்கிருந்து.

“அப்போ மறு சோறு வேணாம்ல?” என்றாள் சின்னவள்.

அவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் சாலையில் கழியும். வீட்டில் இருக்கிற நாளிலும் தோட்டத்துப் பேச்சு அவருக்குப் பிடிக்காது. வாழையை அவர் ஒரு பயிராகவே மதித்ததில்லை. வருஷம் பூரா பிள்ளை மாதிரி வளர்த்து, தார் போட்ட பிறகு ஒரு மத்தியானக் காற்றுக்குப் படுத்துக்கொள்கிற பயிர் என்ன பயிர் என்பார். அதில் பொய் ஒன்றுமில்லை. மரம் மரம் என்று நாம் சொன்னாலும் வாழை மரமே அல்ல. வெறும் மட்டைகளைச் சுருட்டி நிமிர்த்தி வைத்தது. தலையில் தார் கனக்கக் கனக்க அது குனியும். சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் காற்று மாதமும் வந்து சேரும்.

போன வருஷம் அப்படித்தான் சின்னவளின் வாழையில் பாதி படுத்தது. நகரத்தில் பழம் பழுக்கவைக்கும் கிடங்கு வைத்திருந்த பழைய முதலாளி ஒருவர் நிரந்தர வேலையும் தங்க ஓர் அறையும் தருகிறேன் என்று லாரிக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போய்விடலாம் என்றார் இவர். சின்னவள் மசியவில்லை. மாதக்கணக்கில் வாக்குவாதம் நடந்து, கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இந்த ஒரு வெட்டு. இந்தத் தார்கள் நின்று, விளைந்து, வண்டி ஏறிவிட்டால் அவர் கிடங்குப் பேச்சை எடுக்கக் கூடாது. இதுவும் படுத்தால் அவள் வாய் திறக்காமல் மூட்டை கட்ட வேண்டும். சின்னவள் சரி என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்கு வாழையின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அக்காவின் மேல் இருந்தது.

அக்காவும் தங்கையுமாக அப்பாவிடமிருந்து வந்த தோட்டம் அது. நடுவில் ஒரு வரப்பு. மேற்குப் பாதி பெரியவளுக்கு, கிழக்குப் பாதி சின்னவளுக்கு. இரண்டிலும் பழவாழை, வீட்டுச் சமையலுக்கென்று கிணற்றடியில் மட்டும் இரண்டு பேரும் கொஞ்சம் காய்வாழை வைத்திருந்தார்கள். பெரியவளின் கணவர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. ஒரே மகன் வெளியூரில் தொழிற்சாலை ஒன்றில் இருந்தான். அவள் ஒற்றை ஆளாகக் கொத்தி, தண்ணீர் கட்டி, பக்கக் கன்றுகளை அறுத்து, தன் பாதியை வைத்திருந்த நேர்த்தியைப் பார்த்தால் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

சின்னவள் வேலையில் கொஞ்சம் அவசரக்காரி. ஆனால் முடிச்சு ஒன்றில் மட்டும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிடிவாதம் முழுவதும் விரலுக்கு இறங்கிவிட்ட மாதிரி ஒரு முடிச்சு. அது சின்ன வயசிலிருந்து வந்தது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவசரத்துக்கு அவிழ்க்க வராமல் அழுதுகொண்டு நிற்பாள். அம்மா கத்தியை எடுப்பாள். பெரியவள்தான் ஓடிவந்து தடுத்து, தங்கச்சியின் முன்னால் மண்டியிட்டு, நகத்தாலும் பல்லாலும் நெருடி நெருடி அவிழ்த்துவிடுவாள். நாடா ஒன்றைக்கூட அவள் அறுக்க விட்டதில்லை. அப்பா இதைப் பார்த்துவிட்டுப் பெரியவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார். ஊரில் திருட்டுப் பயல்களைத் திட்டுகிற வார்த்தை அது. மடியில் முடிந்த காசை அவிழ்த்துக்கொண்டு போகிறவனுக்கான பெயர். “எங்கடி என் முடிச்சவிக்கி?” என்று அவர் கூப்பிட்டால் வீடே சிரிக்கும், பெரியவளும் சிரித்துக்கொண்டே வருவாள். கல்யாணமாகி வந்த லாரிக்காரருக்கும் அந்தக் கதை தெரியும். கோணி மூட்டை, தூக்குவாளி மூடி, எதில் சின்னவள் முடிச்சுப் போட்டாலும், “உங்க அக்காவைக் கூப்பிடு” என்பார்.

லாரிக்காரருக்குப் பெரியவளைப் பிடிக்காது என்பது வேறு விஷயம். முகத்துக்கு நேரே அண்ணி அண்ணி என்பார். வீட்டுக்குள் வந்ததும், உன் அக்கா சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது என்பார். அன்றைக்கு வீட்டில் சண்டை நிச்சயம். அக்காவுக்காகச் சின்னவள் போட்ட சண்டைகளைச் சேர்த்தால் அவர்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி அதிலேயே போயிருக்கும்.

காற்று மாதம் நெருங்கியபோது பெரியவளே வரப்பைத் தாண்டி வந்து ஒரு யோசனை சொன்னாள். இரண்டு பேரிடமும் முட்டுக்கொடுக்கிற கம்புகள் கொஞ்சம்தான் இருந்தன. காற்று மேற்கேயிருந்து வருவது. முதலில் அடிபடுவது அவளுடைய முகப்பு வரிசைதான். சின்னவளின் கம்புகளையும் சேர்த்து முகப்பில் முட்டுக்கொடுத்துவிட்டால் அங்கேயே காற்றின் வேகம் பாதி உடைந்துவிடும். மற்ற வரிசைகளுக்குக் கயிறு போதும். ஒவ்வொரு வாழையின் கழுத்திலும் கயிற்றைக் கட்டி, மேற்கே அதற்கு முன்னால் நிற்கிற வாழையின் அடியில் இழுத்துக் கட்டுவது. ஒன்று சாயப் பார்த்தால் முன்னது பிடித்துக்கொள்ளும்.

“என் முதல் வரிசையை எதுல கட்டறது? முன்னால வரப்புல்ல இருக்கு,” என்றாள் சின்னவள்.

“வரப்புக்கு இந்தப் பக்கம் நான் இல்லையாடி? என் கடைசி வரிசையில கட்டு.”

நல்ல யோசனைதான். சின்னவள் அன்றைக்கே கம்புகளையெல்லாம் சுமந்துகொண்டுபோய் அக்காவின் முகப்பில் போட்டாள். பிறகு வீட்டு அடுப்பில் முனை கருக்கிய கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏணியை நகர்த்தி நகர்த்தி, கழுத்தில் ஒரு முடிச்சு, அடியில் ஒரு முடிச்சு என்று நாள் முழுக்கக் கட்டினாள். வாழைப்பால் பட்டுக் கையும் புடவையும் கறுத்தன. இலை அறுத்து உணவுக் கடைகளுக்குக் கட்டுக் கட்டாகக் கொடுக்கிற இலைக்காரி அந்தப் பக்கமாக வந்தவள், ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, மரம் செத்தாலும் இந்த முடிச்சு சாகாது என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசியாக வரப்பைத் தாண்டிப் போய், தன் முதல் வரிசைக் கயிறுகளை அக்காவின் வாழைகளின் அடியில் கட்டினாள். பெரியவள் கூடவே நடந்து, தளர்ந்திருந்த ஒன்றிரண்டை இன்னும் இழுக்கச் சொன்னாள்.

வேலை முடிந்து இருவரும் சருகைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பும் மிளகாயும் போட்டு வேகவைத்த காய். அப்போதுதான் சின்னவள் அந்த ஒப்பந்தத்தைச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லாததை.

“இது விழுந்துட்டா நான் போயிடணும்க்கா. ஒத்துக்கிட்டேன்.”

பெரியவள் காயைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். முழுதும் உரித்து முடித்தாள். “தோட்டம்?” என்றாள் அப்புறம்.

“உன்கிட்டதான் விட்டுட்டுப் போவேன். வேற யாருகிட்ட விடுவேன்? ஆனா விழாதுக்கா. எனக்குத் தெரியும்.”

“விழாது,” என்றாள் பெரியவளும். தன் மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது, திரும்பி வருகிறான் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். கல்யாண வயசு. இந்த ஒரு பாதியை வைத்துக்கொண்டு அவனும் நானும் என்ன செய்வது என்றாள். சின்னவளுக்கு அக்காவை நினைத்துப் பாவமாக இருந்தது. தன் காயில் ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

அதற்குப் பிறகு காற்று பொறுத்துக்கொண்டிருந்தது. தார்கள் கனத்தன. கீழே தொங்கிய பூக்களை ஒடித்துச் சமைத்தார்கள். மிச்சத்தை இலைக்காரி கொண்டுபோனாள். வானம் ஒரு மாதிரி வெளுத்து, எறும்புகள் வாழை மட்டைக்குள் ஏறத் தொடங்கியதும், காற்று கிளம்பப் போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சின்னவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று காலையில் பெரியவள் வந்து, வியாபாரியைப் போய்ப் பார், கொஞ்சம் முந்தியே வெட்டிக்கொள்வானா என்று கேள், தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். லாரிக்காரர் வெளியூர் லோடில் இருந்தார். சின்னவள் தோட்டத்தில் ஒரே ஒரு தாரிலிருந்து ஒரு காயைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

வியாபாரி காயை வாங்கி விரலுக்கிடையில் உருட்டினார். காய் முழுதாக விளைந்தால் அதன் விளிம்புகள் மழுங்கி உருண்டையாகிவிடும். இது இன்னும் பட்டை பட்டையாக நின்றது. “இத வெட்டிக் கிடங்குல போட்டா பழுக்காதும்மா, வாடும். இன்னும் கொஞ்ச நாள் பொறு. உன் தார் நல்லாத்தான் வருது,” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் காயைத் திரும்ப முடிந்துகொண்டு வெளியே வந்தபோது கடைத்தெருவில் புழுதி எழும்பியது. கடைக்காரர்கள் தார்ப்பாய்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பஸ் பாதி வழியில் ஒரு மரம் விழுந்து நின்றுவிட்டது. மீதியை அவள் நடந்தாள். காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. மேற்கேயிருந்துதான் வருகிறது, அக்கா முகப்பில் முட்டு இருக்கிறது, என் கட்டு அவள் காலில் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நடந்தாள். தோட்டத்தை நெருங்கும்போது காற்று ஓய்ந்து மழை பிடித்திருந்தது. முதலில் கண்ணில் பட்டது அக்காவின் பாதி. இலைகள் நார் நாராகக் கிழிந்திருந்தன, ஆனால் வாழைகள் நின்றன. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சோடு வரப்புக்குக் கிழக்கே பார்த்தாள்.

ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் ஒரே பக்கமாக, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிழங்கோடு புரண்டு கிடந்தன. தார்கள் சேற்றில் முகம் குப்புற. முதல் வரிசை விழுந்து, அதன் அடியில் கட்டியிருந்த இரண்டாம் வரிசைக்குப் பிடிமானம் போய், அது விழுந்து மூன்றாவதை விட்டுவிட்டு, அப்படியே கடைசிவரை போயிருக்கிறது. பார்த்தால் தெரிந்தது. பெரியவள் மழையில் நனைந்தபடி ஓடிவந்து தங்கச்சியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். சின்னவளுக்குத்தான் அழுகை வரவில்லை. அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள், ஆறுதல் தேவைப்பட்டது அவளுக்குத்தான் என்பது போல.

மறுநாள் லாரிக்காரர் வந்தார். தோட்டத்து ஓரத்தில் ரொம்ப நேரம் நின்றார். அவர் கெட்டவர் அல்ல. சொல்லிக்காட்ட வேண்டாம் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். ஆனால் வாய் கேட்கவில்லை.

“கட்டும்போதே சொன்னேன். பிளாஸ்டிக் கயிறு வழுக்கும்னு. நீ கேக்கல.”

“வழுக்கிடுச்சு,” என்றாள் சின்னவள். அவளும் அப்படித்தான் நம்பினாள். கயிறு மோசம், கட்டியவள் அதைவிட மோசம். அன்றைக்குச் சாயங்காலமே அவர் கிடங்கு முதலாளியிடம் போனில் பேசினார். அவள் தடுக்கவில்லை.

விழுந்த வாழையைச் சும்மா விட முடியாது, அழுகி ஈ மொய்க்கும். ஒரு வாரம் சுத்தம் செய்தாள். மாட்டுக்காரர்கள் தண்டையும் மட்டையையும் இழுத்துப்போனார்கள். இலைக்காரி கிழியாத இலைகளைத் தேடித்தேடி அறுத்தாள். விளையாத தார்களை யாரும் வாங்கவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். வீட்டில் காலையிலும் வேகவைத்த காய், மத்தியானமும் வேகவைத்த காய். லாரிக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் சொல்லாமல் சாப்பிட்டது அவளுக்கு என்னவோ செய்தது.

கயிறுகளை மட்டும் அவள் எறியவில்லை. மூட்டை கட்ட உதவும். கிழக்குக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தாள். கழற்றினாள் என்பது பேச்சுக்குத்தான். காற்று இழுத்த இழுப்பில் அவள் முடிச்சுகள் கல்லாகியிருந்தன. நகம் இறங்கவில்லை. ஒவ்வொன்றையும் அரிவாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு மெல்ல ஒன்று உறைத்தது. கயிறு வழுக்கவே இல்லை. மரம் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறதே தவிர, முடிச்சு ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை.

அறுத்துக்கொண்டே முதல் வரிசைக்கு வந்தாள். வாழையின் கழுத்தில் முடிச்சு அப்படியே இருந்தது. கயிற்றின் மறுமுனையைச் சேற்றிலிருந்து இழுத்தாள். அது எங்கும் மாட்டாமல் சரசரவென்று முழுதாக வந்தது. முனையைப் புடவையில் துடைத்துப் பார்த்தாள். மிளகு மாதிரிக் கறுப்பாக, அவள் அடுப்பில் கருக்கிய முனை. காற்றில் அறுந்திருந்தால் அங்கே பிரிந்த இழைகள் இருந்திருக்கும். கத்தி பட்டிருந்தால் வெட்டிய முனை இருந்திருக்கும். இரண்டும் இல்லை. முடிச்சு இருந்த இடத்தில் கயிறு இன்னும் சுருண்டு சுருண்டு நின்றது, அவிழ்த்த நாடா நிற்கிற மாதிரி.

அடுத்த வாழைக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும். வரிசை முழுக்க அதே கறுப்பு முனை, அதே சுருள்.

கூலியாட்களாக இருக்குமோ, வேண்டாதவர்கள் யாராவதோ என்றெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை. அவள் முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான். பெரியவளிடம் அன்றைக்கு அரிவாள் இல்லாமலா இருந்திருக்கும்? இடுப்பிலேயே செருகியிருப்பாள். அறுத்திருந்தால் யார் கை என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தங்கச்சி போட்ட முடிச்சைக் கண்டதும் அவள் கை பழகிய வேலையைத்தான் செய்தது. சின்னவள் ஈரத்தில் உட்கார்ந்தாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

அந்தக் கயிறுகளை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். பெரியவள் மகன் வரப்போகும் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் ஏற்கெனவே வந்து நடுவில் கிடந்தது. தங்கச்சியைப் பார்த்ததும் சுண்ணாம்பு மட்டையை வாளியில் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். சின்னவள் கயிற்றைக் கட்டிலின் மேல் போட்டாள்.

பெரியவள் கயிற்றைப் பார்த்தாள். முனைகளைப் பார்த்தாள். சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“பயந்துட்டேன்டி,” என்றாள். “உன் வரிசை சாஞ்சா என் கிழங்கையும் சேத்துப் பிடுங்கிக்கிட்டுப் போயிடுமோன்னு. காத்து வரப்போகுதுன்னதும் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.”

“பயந்தவ அறுப்பாக்கா. நீ அவுத்திருக்க.”

பெரியவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசை பூரா. ஒவ்வொரு மரத்தடியிலயும் உக்காந்து அவுத்திருக்க. என்னைப் பஸ் ஏத்தி அனுப்பிட்டு. ஒரு முடிச்சு அவுக்க எவ்ளோ நேரமாகும்னு எனக்குத் தெரியாதா? அவ்ளோ நேரமும் என்னக்கா நெனச்சுக்கிட்டு இருந்த?”

பெரியவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். திரும்பிப் பேசியபோது அவள் குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது. ரொம்ப நாளாக உள்ளேயே இருந்த கோபம்.

“என்ன நெனச்சேனா? அப்பா பிரிச்சுக் குடுத்தத நெனச்சேன். உனக்குக் கிழக்கு, எனக்கு மேற்கு. இத்தன வருஷமா வர்ற காத்த என் மரந்தான் வாங்குது. என் மரம் கிழிஞ்சு உன் மரம் நிக்குது. போன வருஷம் உனக்குப் பாதி விழுந்துச்சு, எனக்கு முழுசும் விழுந்துச்சு. உன் வீட்டுல அதப்பத்திப் பேச்சு வந்துச்சா? ஒரு நாளாவது நெனச்சியாடி நீ?”

உண்மையில் சின்னவள் நினைத்ததில்லை. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தாலும், முதுகில் குத்துப்பட்ட வலி அதனால் குறையவில்லை.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனேக்கா. பாதி வேணாம், முழுசும் குடுத்திருப்பேன்.”

“கேட்டு வாங்கணும். அதான. சின்ன வயசுலேருந்து நீ அழுவ, நான் மண்டி போடுவேன்.” பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீ எப்படியும் போகப் போறவ. இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம் அவர் கூட்டிட்டுப் போயிடுவாரு. என் பையனுக்கு வேற எங்க போக்கிடம்? முதல் முடிச்ச அவுத்ததும் திரும்பக் கட்டிடலாம்னுதான் நெனச்சேன். கையில கயிற வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நம்பினா நம்பு.”

சின்னவள் நம்பினாள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பெரியவள் பின்னாலேயே வந்தாள்.

“அவர்கிட்ட சொல்லிட்டியா?”

சின்னவள் நின்றாள். அக்கா கேட்பதற்கு எத்தனையோ இருந்தது. “இல்ல,” என்றாள். “சொல்ல மாட்டேன். உனக்காக இல்ல. நீ இப்படித்தான்னு அவர் வருஷக்கணக்கா சொல்லும்போதெல்லாம் நான் சண்டை போட்டிருக்கேன். இப்போ அவர் ஜெயிச்சுட்டாருன்னு என் வாயால சொல்ல முடியாது. கயிறு வழுக்கிடுச்சுன்னே இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் காரியம் இலைக்காரிக்கு ஆள் அனுப்பியது. தோட்டத்தை நீ எடுத்துக்கொள், இலைக்கு வளர்த்துக்கொள் என்றாள். இலைக்காக வளர்க்கிற வாழையைத் தார் போடும்வரை விடுவதில்லை. தலையில் பாரம் ஏறாது. முட்டும் வேண்டாம், கட்டும் வேண்டாம். இலைக்காரி நம்பாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டு, காலில் விழாத குறையாகப் போனாள். லாரிக்காரருக்கும் ஆச்சரியம். உன் அக்காவுக்குத்தானே என்றார்.

“அவளுக்கு இருக்கறதே அதிகம். பையன் வந்து என்ன பண்ணுவானோ,” என்றாள் சின்னவள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. கயிறு வழுக்கியதென்று தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டவளை இனி எதுவும் கேட்டு நோகடிப்பதில்லை என்று அவர் ஒரு முடிவில் இருந்தார்.

கிளம்புகிற அன்று லாரி வாசலில் நின்றது. அடுப்பை முதலில் ஏற்றி, அதன் மேல் பெட்டிகள், பாய், படுக்கை. பாத்திரங்களையெல்லாம் பழைய போர்வையில் கொட்டி, மஞ்சள் கயிற்றால் சுற்றிச் சின்னவள் முடிச்சுப் போட்டிருந்தாள். தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள். இலைக்காரி வந்திருந்தாள். பெரியவளும் வந்தாள். வராவிட்டால் தெரு என்ன பேசும் என்பதற்காகவா, வராமல் இருக்க முடியாமலா, அது அவளுக்குத்தான் தெரியும். கேட்டுக்கு வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. சின்னவள் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டைப் பூட்டினாள்.

எல்லாம் ஏறிய பிறகுதான் லாரிக்காரருக்குத் தண்ணீர்ச் செம்பு ஞாபகம் வந்தது. வழிக்கு வேண்டும். அது பாத்திர மூட்டைக்குள் போயிருந்தது. மேலே ஏறி முடிச்சோடு மல்லுக்கட்டினார். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். ஒரு வாரமாக வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. போகிற நேரத்திலாவது எல்லாரையும் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, லாரி மேலிருந்தபடியே பெரியவளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அண்ணி, வாங்க. இது உங்க வேலை. எங்க போச்சு எங்க வீட்டு முடிச்சவிக்கி?”

தெரு சிரித்தது. இலைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவள் முகம் வெளிறிப்போயிற்று. அவர் மூட்டையை அவள் கைக்கெட்டுகிற மாதிரி லாரி விளிம்புக்கு நகர்த்தினார். இத்தனை பேர் பார்க்கிறார்கள். அவள் தூணை விட்டுவிட்டு வந்தாள். கை தானாக முடிச்சுக்குப் போயிற்று, நகம் எந்த மடிப்பில் இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. முதல் சுற்று நெகிழ்ந்தது.

சின்னவள் அந்தக் கையைப் பிடித்தாள். முரட்டுத்தனமாக அல்ல. பிடித்து, முடிச்சிலிருந்து எடுத்து, கீழே விட்டாள்.

“நான் அவுத்துடறேன்டி,” என்றாள் பெரியவள், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

 சின்னவள் தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தாள்.

“அறுத்துடுங்க,” என்றாள்.

“நல்ல கயிறும்மா. அதான் அண்ணி அவுக்கறாங்களே.”

“அறுத்துடுங்க.”

அவர் அவளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அவர் முகத்தை விட்டுப் போயிற்று. இருக்கைக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து ஓர் இழுப்பில் அறுத்தார். செம்பை எடுத்துக்கொண்டு, மிச்சக் கயிற்றால் மூட்டையை ஒப்புக்குச் சுற்றிவைத்தார். லாரி கிளம்பியது. பெரியவள் தெருவிலேயே நின்றாள்.

மேடுபள்ளத்தில் லாரி குலுங்கக் குலுங்க, அறுத்த முனைகள் இரண்டும் பிரிந்து துடைப்பம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தன. அவற்றைக் காட்டிக் கருக்க வேண்டிய அடுப்பு எல்லாச் சாமான்களுக்கும் அடியில் கிடந்தது.